பல் மருத்துவமனை, பல மருத்துவமனை ஆன கதை

ஸ்டிக்கர் கட்டிங் பிளாட்டர் வாங்கப் போகிறீர்களா? மெஷினைப் பார்க்கும் முன் மென்பொருளைப் பாருங்கள்!

(சிறுதொழில் தொடங்க விரும்பும் இளைஞர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒரு கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். நடந்த கதை.

என் சித்தப்பா ஒரு சின்ன ஊரில் ஸ்டிக்கர் கட்டிங் கடை வைத்திருக்கிறார். பைக் டேங்கில் பெயர் ஒட்டுவது, கடைக் கண்ணாடிக் கதவுக்கு எழுத்து வெட்டுவது, ஆட்டோ முதுகில் பிள்ளைகள் பெயரைப் போடுவது, இந்த மாதிரி வேலைகள். நான் இதழியல் படித்துக்கொண்டிருந்த காலத்தில் லீவு விட்டால் அந்தக் கடையில்தான் இருப்பேன். வெட்டின வினைலில் வேண்டாத பகுதியை உரித்து எடுப்பது என் வேலை. கூலி? மதியம் சாப்பாடு, சாயங்காலம் ஒரு டீ, ஒரு வடை.

ஒருநாள் ஒரு பல் டாக்டர் வந்தார். புதிதாகத் திறக்கப் போகும் கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்கு 'பல் மருத்துவமனை' என்று ஒன்றரை அங்குல எழுத்தில் வேண்டும் என்றார். வெட்டினோம், உரித்தோம், டிரான்ஸ்ஃபர் டேப்பில் எடுத்துப் போய் ஒட்டிவிட்டும் வந்தோம். மறுநாள் காலையில் டாக்டரிடமிருந்து போன். "தம்பி, நான் ஒரே ஒரு மருத்துவமனைதான் கட்டியிருக்கேன். நீங்க பல மருத்துவமனைன்னு ஒட்டிட்டுப் போயிருக்கீங்களே!"

'ல்' தலையில் இருக்க வேண்டிய புள்ளியைக் காணோம். உரிக்கும்போது வேண்டாத வினைலோடு சேர்ந்து அதுவும் போயிருக்கிறது. உரித்தவன் நான்தான். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கே, அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

ஆனால் அது என் தவறு இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த வாரம் பால் கடை வேலையிலும் புள்ளி கழன்று வந்தது. அதற்கடுத்து ஒரு மெடிக்கல் ஷாப். சித்தப்பா பிளேடை மாற்றினார். மறுபடி மாற்றினார். வினைல் ரோலையும் வேறு கம்பெனியில் வாங்கிப் பார்த்தார். அழுத்தத்தைக் கூட்டினால் அடிக்காகிதமே கிழிந்தது. கடைசியில் பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒரு மெக்கானிக் அண்ணன் பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கத்தி நல்லாத்தான் இருக்கு. கத்தி முனை எங்க இருக்குன்னு உங்க சாஃப்ட்வேருக்குத் தெரியல."

மெஷினைத் தேர்ந்தெடுக்க சித்தப்பா மூன்று மாதம் அலைந்தார். நான்கு கடை ஏறி இறங்கினார். மென்பொருளுக்கு அவர் செலவழித்த நேரம், மெஷினோடு வந்த சிடியை டிரைவில் தள்ளுவதற்கு ஆன நேரம் மட்டும்தான். நீங்களும் அதையே செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இன்றைக்கு இதைப் பேசுகிறேன்.

அந்த அண்ணன் சொன்னது என்னவென்று முதலில் பார்க்கலாம். அலுவலக நாற்காலிக்குக் கீழே உருளும் சக்கரங்களைக் கவனித்திருப்பீர்கள். நாற்காலியைத் திருப்பினால் சக்கரம் உடனே திரும்பாது, கொஞ்சம் பின்தங்கி வந்து சேரும். பிளாட்டர் கத்தியும் அப்படித்தான். அதன் முனை, அது சுழலும் மையத்தில் இருக்காது, சற்றுத் தள்ளி இருக்கும். வழக்கமான பிளேடில் இந்த விலகல் சுமார் 0.25 மில்லிமீட்டர். கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பெரிய எழுத்தில் தெரியாது. ஆனால் நாலைந்து மில்லிமீட்டர் புள்ளியை வெட்டும்போது, ஆரம்பித்த இடத்திற்குக் கத்தி திரும்பி வந்து சேராது. வட்டம் மூடாமல் நூல் அளவு ஒட்டிக்கொண்டிருக்கும். உரித்தால் புள்ளியும் கூடவே வந்துவிடும்.

இதைச் சரிசெய்ய இரண்டு அமைப்புகள் வேண்டும். ஒன்று, இந்த விலகலைக் கணக்கில் எடுத்துக் கத்தியைக் கொஞ்சம் கூடுதலாக நகர்த்துவது. இரண்டு, வட்டம் முடிந்த பிறகும் சிறிது தூரம் மேலே வெட்டிச் செல்வது. முதலாவதை ஆஃப்செட் என்றும் இரண்டாவதை ஓவர்கட் என்றும் சொல்வார்கள். சில மெஷின்கள் இதைத் தாமே பார்த்துக்கொள்ளும். விலை குறைந்த பல மெஷின்களில் மென்பொருள்தான் செய்ய வேண்டும். சித்தப்பாவுக்குக் கிடைத்த இலவசப் பதிப்பில் அந்த அமைப்பு பூட்டியிருந்தது. திறக்க வேண்டுமானால் முழுப் பதிப்புக்குத் தனிக்காசு கட்ட வேண்டுமாம். விற்றவர் அதைச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை.

ஆங்கிலத்தில் ஐ, ஜே என்ற இரண்டு சின்ன எழுத்துகளுக்கு மட்டும்தான் புள்ளி. அது போனாலும் படித்துவிடலாம். நமக்கு அப்படியா? வரிக்கு நாலு புள்ளி. ஒன்று போனால் பல் 'பல' ஆகும், பால் 'பால' ஆகும். அதனால் வெளிநாட்டுக்காரர் 'சூப்பர்' என்று வீடியோவில் பாராட்டும் மென்பொருள், நம் ஊர் கடைக்குச் சரிப்படும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் வெட்டுவது வேறு எழுத்து.

சரி, இந்த மென்பொருள் உண்மையில் என்னதான் செய்கிறது? பிரிண்டர் மாதிரி இது படத்தை அச்சிடுவதில்லை. கத்தி எந்தக் கோட்டின் மேல் ஓட வேண்டும் என்று ஒரு பாதை மட்டும்தான் மெஷினுக்குப் போகிறது. அதனால் உங்கள் டிசைன் எல்லாம் கோடாக, அதாவது வெக்டராக இருந்தாக வேண்டும். வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் லோகோ போட்டோவை அப்படியே வெட்ட முடியாது. டிரேஸ் செய்து கோடாக மாற்ற வேண்டும். மங்கலான படத்தை டிரேஸ் செய்தால் ஆயிரக்கணக்கில் முனைகள் உண்டாகி, கத்தி நடுங்கி நடுங்கி வெட்டும். இதற்கு ஒரு சின்ன யோசனை: வாடிக்கையாளரிடம் ஃபைல் கேட்கும்போது, "போட்டோவா அனுப்பாதீங்க, டாக்குமெண்டா அனுப்புங்க" என்று சொல்லுங்கள். போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். டாக்குமெண்டாகப் பிடிஎஃப், எஸ்விஜி வந்தால் பாதி வேலை மிச்சம்.

இனி, தேர்ந்தெடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் உங்கள் மெஷின் என்ன மொழி பேசுகிறது என்று கேளுங்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே மெஷினுக்கு மொழி உண்டு. 1970களில் ஹியூலெட் பேக்கர்ட் நிறுவனம் பேனாவால் வரையும் பிளாட்டர்களுக்காக ஒரு கட்டளை மொழியை உண்டாக்கியது. எச்பிஜிஎல் என்று பெயர். பி.யூ. என்றால் பேனாவைத் தூக்கு, பி.டி. என்றால் பேனாவை இறக்கு, அவ்வளவு எளிமை. பேனா இருந்த இடத்தில் இன்று கத்தி வந்துவிட்டது, மொழி இன்னும் அதேதான். கிராஃப்டெக், ரோலண்ட் போன்ற நிறுவனங்களுக்குச் சொந்தக் கட்டளை மொழிகளும் உண்டு. சந்தையில் உள்ள பெரும்பாலான வெட்டு மென்பொருள்களுக்கு எச்பிஜிஎல் தெரியும். அதனால் மெஷினுக்கு எச்பிஜிஎல் தெரிந்தால் உங்களுக்குப் பல கதவுகள் திறந்திருக்கின்றன. ஒரு மென்பொருள் பிடிக்கவில்லையென்றால் இன்னொன்றுக்குப் போகலாம். சித்தப்பா தப்பித்தது இதனால்தான்.

கதவே இல்லாத மெஷின்களும் உண்டு. கைவினை வேலைக்கு வீட்டில் வைத்துக்கொள்ளும் கிரிகட் என்ற வெட்டு இயந்திரத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அது அந்த நிறுவனத்தின் சொந்த மென்பொருளோடுதான் வேலை செய்யும். 2021 மார்ச் மாதம், மாதத்திற்கு 20 டிசைனுக்கு மேல் ஏற்ற வேண்டுமானால் சந்தா கட்டுங்கள் என்று அந்த நிறுவனம் அறிவித்தது. மெஷினை ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கியவர்களுக்குத்தான் இந்த அறிவிப்பு! வாங்கினவர்கள் கொதித்துப் போய் எதிர்த்ததில், சில நாட்களிலேயே முடிவைத் திரும்பப் பெற்றார்கள். அன்று திரும்பப் பெற்றார்கள், நல்லது. ஆனால் தொழில் நடத்துகிறவர் இன்னொருவருடைய மனமாற்றத்தை நம்பிக் கடை திறக்க முடியுமா? வீட்டில் பிறந்தநாள் அலங்காரம் வெட்ட அது நல்ல மெஷின். பெயர்ப்பலகைத் தொழிலுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அடுத்தது தமிழ். இதில்தான் நிறையப் பேர் அடி வாங்குகிறார்கள்.

யுனிகோடில் 'கோ' என்று தட்டும்போது கணினி முதலில் 'க'வை வைத்துக்கொள்கிறது, பிறகு ஓகாரக் குறியை வைத்துக்கொள்கிறது. அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, இரட்டைச் சுழிக் கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் கொண்டுபோய் நிறுத்துவது மென்பொருளின் வேலை. இந்த வேலை தெரியாத மென்பொருளில் 'கோவில்' என்று தட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும், இல்லாவிட்டால் புள்ளி போட்ட வட்டம் ஒன்று நடுவில் முளைக்கும். வெட்டு மென்பொருள்கள் பலவற்றில் தமிழ் இப்படித்தான் வருகிறது. மோசமான மென்பொருள் என்று அர்த்தமில்லை. அதை எழுதியவர் மனதில் தமிழ் இல்லை, அவ்வளவுதான்.

நம் கடைக்காரர்கள் இதற்குக் கண்டுபிடித்த வழி, பாமினி, வானவில், ஸ்ரீலிபி போன்ற பழைய முறை எழுத்துருக்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தைப் பொருத்தியவை அவை. எந்த மென்பொருளிலும் வேலை செய்யும், உண்மைதான். ஆனால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் எல்லாம் ஆங்கிலக் குப்பை. வாடிக்கையாளர் போனிலிருந்து அனுப்பும் பெயரை நகலெடுத்து ஒட்டவும் முடியாது, மறுபடி தட்ட வேண்டும். மறுபடி தட்டினால் பிழை வரும். தமிழ்நாடு அரசு 2010-லேயே யுனிகோடையும் டேஸ்16 என்ற முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. போனில் நாம் தட்டுவதெல்லாம் யுனிகோடுதான். புதிதாகக் கடை தொடங்குபவர் யுனிகோடிலேயே தொடங்குவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

யுனிகோடு என்றால் அழகான எழுத்துரு கிடைக்காது என்று ஒரு பேச்சு உண்டு. அது பழைய கதை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இலவசமாகவே எழுத்துருக்கள் தருகிறார்கள். கூகுள் ஃபாண்ட்ஸில் முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, பலூ தம்பி, மீரா இனிமை, கவிவனார் என்று தடிமனானது, மெல்லியது, கையெழுத்து மாதிரி என எல்லா வகையும் இருக்கிறது. திறந்த உரிமத்தில் வருவதால் அவற்றைத் தொழிலுக்கும் பயன்படுத்தலாம்.

ஆகவே நடைமுறை இதுதான். தமிழைச் சரியாகக் காட்டும் வரைகலை மென்பொருளில் எழுத்தைத் தட்டுங்கள். அங்கேயே அதைக் கோடாக மாற்றுங்கள். கோரல் டிராவில் கண்ட்ரோல் க்யூ. இங்க்ஸ்கேப்பில் 'ஆப்ஜெக்ட் டு பாத்'. அதன் பிறகு அது எழுத்து அல்ல, வெறும் கோடு. எந்த வெட்டு மென்பொருளுக்கு அனுப்பினாலும் கொம்பு இடம் மாறாது. கோடாக மாற்றும் முன் ஒரு பிரதியைத் தனியாகச் சேமியுங்கள். எழுத்துப்பிழை இருக்கிறது என்று வாடிக்கையாளர் மறுநாள் சொன்னால் திருத்த அது வேண்டும்.

கோடாக மாற்றியதும் இன்னொரு வேலை இருக்கிறது. 'டி', 'கூ' போன்ற எழுத்துகளில் சில எழுத்துருக்களின் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். திரையில் ஒரே கறுப்பாகத் தெரிவதால் கண்ணுக்குப் படாது. கத்திக்கு அந்தக் கறுப்பு தெரியாது, கோடு மட்டும்தான் தெரியும். எழுத்தின் நடுவயிற்றிலேயே ஒரு வெட்டு விழும். ஒட்டினால் வெயிலில் அந்த இடம் பிரிந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கும் வசதி, கோரலில் 'வெல்டு', இங்க்ஸ்கேப்பில் 'யூனியன்', கட்டாயம் வேண்டும். வெட்டும் முன் திரையை வெறும் கோடாகக் காட்டும் நிலைக்கு மாற்றி ஒருமுறை பார்த்துவிடுங்கள். இதை நான் கற்றுக்கொள்ள இரண்டு ஆட்டோ ஸ்டிக்கர் வீணாயின.

இப்போது, என்னென்ன வழிகள் இருக்கின்றன?

பெயர் பெற்ற நிறுவன மெஷின் வாங்கினால் அதனோடு சொந்த மென்பொருள் வரும். ரோலண்டுக்கு கட்ஸ்டூடியோ, கிராஃப்டெக்குக்கு கட்டிங் மாஸ்டர், சும்மாவுக்கு கோசைன். ரோலண்டும் கிராஃப்டெக்கும் கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர் உள்ளிருந்தே வெட்டும்படி இணைப்புகளும் தருகின்றன. ஏற்கெனவே கோரல் கை பழகியவருக்கு இது சுகமான வழி. மெஷின் விலை அதிகம்.

விலை குறைந்த மெஷின் வாங்கினால் கூட வருவது பெரும்பாலும் ஏதாவது ஒரு மென்பொருளின் சுருக்கப் பதிப்பு. அதை வைத்தே ஓட்ட முடியுமா, பூட்டியிருப்பது என்னென்ன என்று முதலிலேயே கேளுங்கள். தனியாக வாங்கும் மென்பொருள்களும் உண்டு: சைன்மாஸ்டர், சைன்கட், ஷ்யூர் கட்ஸ் எ லாட், பெரிய கடைகளுக்கு ஃபிளெக்ஸிசைன். இவற்றில் சில மாதச் சந்தா, சில ஒரேமுறைக் கட்டணம். சோதனைப் பதிப்பு கிடைப்பதை இறக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

காசே இல்லையா? இங்க்ஸ்கேப் முழுக்க இலவசம், திறமூலம். தமிழையும் சரியாகக் காட்டுகிறது. இதில் பலருக்குத் தெரியாத விஷயம், எச்பிஜிஎல் மெஷினுக்கு நேரடியாக அனுப்பும் 'பிளாட்' என்ற வசதி அதன் எக்ஸ்டென்ஷன் பட்டியலிலேயே இருக்கிறது. கத்தி விலகலுக்கு 0.25 மில்லிமீட்டர், ஓவர்கட் என்று சித்தப்பாவிடம் காசு கேட்ட அதே அமைப்புகள் அங்கே சும்மா உட்கார்ந்திருக்கின்றன! இங்க்கட் என்று இன்னொரு இலவச மென்பொருளும் உண்டு. நிறுவக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். இலவசத்துக்குக் குறை இல்லாமல் இல்லை. மெஷினைத் தானாகக் கண்டுபிடித்துப் பேசாது. யூஎஸ்பி போர்ட் எண்ணை நீங்களே பார்த்துக் கொடுக்க வேண்டும். சிக்கினால் கூப்பிட ஆள் கிடையாது. அச்சடித்த ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுற்றி வெட்டும் வேலை அதிகம் இருந்தால் இது போதாது. அச்சில் உள்ள குறிகளைக் கண்ணால் படித்து நிலை சரிசெய்யும் மெஷினும், அதோடு பேசத் தெரிந்த மென்பொருளும் அதற்கு வேண்டும். வெறும் எழுத்தும் பெயர்ப்பலகையும் என்றால், ஆரம்பிக்க இங்க்ஸ்கேப் தாராளம்.

கள்ளப் பிரதி பற்றியும் சொல்லியாக வேண்டும். "கோரல் நாங்களே ஃப்ரீயா போட்டுத் தர்றோம் சார்" என்று மெஷின் விற்பவர் சொல்லுவார். கேட்க இனிக்கும். பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 63பி என்ன சொல்கிறது தெரியுமா? உரிமம் இல்லாத பிரதி என்று தெரிந்தே மென்பொருளைப் பயன்படுத்தினால், குறைந்தது 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாட்டுவது போட்டுக் கொடுத்தவர் மட்டுமல்ல, பயன்படுத்துகிற நீங்களும்தான். பயமுறுத்தச் சொல்லவில்லை. இலவசமாகவே நல்ல வழி இருக்கும்போது இந்த ஆபத்து எதற்கு என்றுதான் கேட்கிறேன்.

சரி, கடைக்குப் போகிறீர்கள். கையில் என்ன கொண்டு போக வேண்டும்? பணத்தைவிட முக்கியமாக ஒரு பென் டிரைவ். அதில் ஒரு தமிழ் வரி. நான் தரும் வரியை எழுதிக்கொள்ளுங்கள்: 'ஸ்ரீ கோகிலா சிற்றுண்டி, பூண்டு ஊறுகாய் கிடைக்கும்'. அர்த்தத்தைப் பார்க்காதீர்கள், எழுத்தைப் பாருங்கள். ஸ்ரீ இருக்கிறது, கோ இருக்கிறது, ற், ண், ய், ம் புள்ளிகள் இருக்கின்றன, பூ, டு, ஊ, று வளைவுகள் இருக்கின்றன. இதையே யுனிகோடு எழுத்தாக ஒரு ஃபைல், கோடாக மாற்றி ஒரு ஃபைல். எழுத்து உயரம் ஓர் அங்குலம் போதும்.

முதல் ஃபைலை அவர்கள் மென்பொருளில் ஒட்டிப் பாருங்கள். தமிழ் உடைகிறதா, தெரிந்துவிடும். இரண்டாவதை உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். நீங்களே உரியுங்கள், விற்பவரை உரிக்க விடாதீர்கள். அவர் கை பழகிய கை, ஒட்டிக்கொண்டிருக்கும் புள்ளியைக்கூட நகத்தால் அமுக்கி லாவகமாகக் காப்பாற்றிவிடுவார். புள்ளிகள் எல்லாம் தாளிலேயே நிற்கின்றனவா? வட்டம் வட்டமாக இருக்கிறதா, எட்டுமூலைக் கட்டமாக இருக்கிறதா? ஸ்ரீயின் கூர்முனைகள் கூராகவே இருக்கின்றனவா, மழுங்கியிருக்கின்றனவா?

அடுத்து 300 மில்லிமீட்டரில் ஒரு சதுரம் வெட்டச் சொல்லி அளந்து பாருங்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. எச்பிஜிஎல் கணக்கில் ஓர் அங்குலத்துக்கு 1016 படிகள். மென்பொருளில் யாராவது 1000 என்று வைத்திருந்தால் எல்லாம் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிடும். சதுரத்தில் கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் குறையும். எட்டு அடிப் பலகையில் ஒன்றரை அங்குலம் போய்விடும். பலகைச் சட்டத்துக்குள் எழுத்து ஒரு பக்கம் இடைவெளி விட்டு நின்றால் வாடிக்கையாளர் சும்மா விடுவாரா? மூலைவிட்டங்கள் இரண்டையும் அளங்கள், சமமாக இருக்க வேண்டும்.

அந்த எட்டு அடிப் பலகையை இரண்டு அடி ரோலில் எப்படித் துண்டு போட்டு வெட்டுகிறது, துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் அளவை நாம் வைக்க முடியுமா என்றும் கேளுங்கள். எழுத்து எழுத்தாக வெட்டி முன்னேறுகிறதா, இல்லை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடி ஓடி வெட்டுகிறதா என்று பாருங்கள். ஓடி ஓடி வெட்டினால் நீள வேலையில் வினைல் நகர்ந்து கோணலாகும். கடைசியாக, உங்கள் சொந்த லேப்டாப்பை இணைத்து வெட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் கணினியில் ஓடியது உங்கள் விண்டோஸில் ஓடும் என்று உறுதி கிடையாது. 2014-இல் யூஎஸ்பி இணைப்புச் சிப் தயாரிக்கும் எஃப்டிடிஐ நிறுவனம் வெளியிட்ட டிரைவர், போலிச் சிப்கள் இருந்த கருவிகளை எல்லாம் கணினிக்கு அடையாளம் தெரியாமல் செய்துவிட்டது. மெஷினுக்குள் என்ன சிப் இருக்கிறது என்று வாங்கினவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கெல்லாம் விற்பவர் முகம் சுளித்தால், அங்கே வாங்க வேண்டாம். வாங்கின பிறகு அவர் முகம் இன்னும் சுளிக்கும்.

கடன் வாங்கித் தொடங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் திட்டத் தொகையில் 25 சதவீதம் மானியம் உண்டு என்பது உங்களில் பலருக்குத் தெரியும். விவரங்களை உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். விண்ணப்பத்தோடு விலைப்புள்ளி வைக்கும்போது 'கட்டிங் பிளாட்டர் ஒன்று' என்று ஒரே வரியில் வாங்கி வந்துவிடாதீர்கள். மென்பொருளின் பெயர், எந்தப் பதிப்பு, உரிமம் எத்தனை கணினிக்கு, எத்தனை காலத்துக்கு, இதெல்லாம் தனி வரியாக இருக்கட்டும். பின்னால் தகராறு வந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

தகராறு வந்தால் எங்கே போவது? "தொழிலுக்கு வாங்கினது, நுகர்வோர் சட்டம் உனக்குப் பொருந்தாது" என்று சிலர் மடக்குவார்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இல் இதற்கு விலக்கு இருக்கிறது. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று சட்டம் கருதுவதில்லை. நீங்களும் நுகர்வோர்தான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. போனில் இப்போதே சேமித்துக்கொள்ளுங்கள்.

தொழில் தொடங்கிய பின் இரண்டு விஷயத்தில் கவனம். கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் இருக்க வேண்டும், பிற மொழி இருந்தால் தமிழுக்குப் பிறகுதான் என்று கடைகள், நிறுவனங்கள் விதிகளில் இருக்கிறது. டிசைன் போடும்போதே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டால் பிறகு அவருக்கு நோட்டீஸ் வராது, உங்களுக்கும் நல்ல பெயர். அடுத்தது, வண்டி நம்பர் பிளேட். 2019 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்புப் பதிவெண் தகடுதான். "ஸ்டைலா ஸ்டிக்கர்ல நம்பர் வெட்டிக் குடுங்கண்ணே" என்று வரும் தம்பிகளை டேங்கில் பெயர் ஒட்டி அனுப்பிவையுங்கள்.

சித்தப்பா இப்போது என்ன செய்கிறார் என்று கேட்டீர்கள். டிசைன் முழுக்க இங்க்ஸ்கேப். வெட்டுவதற்கு மட்டும், இரண்டு வாரம் சோதனைப் பதிப்பை ஓட்டிப் பார்த்துவிட்டு, காசு கொடுத்து ஒரு மென்பொருள் வாங்கினார். மெஷின் அதே பழைய மெஷின். டாக்டருக்குப் புதிதாக வெட்டி, அவரே போய் இலவசமாக ஒட்டிக் கொடுத்தார். டாக்டர் நல்ல மனுஷர். அடுத்த மாதம் எனக்குக் கடவாய்ப்பல் அடைக்கப் போனபோது பாதிக் காசுதான் வாங்கினார்.

பின் வரிசையில் ஓர் அக்கா கை தூக்கியிருக்கிறார். சொல்லுங்க அக்கா. பத்து வருஷமா பாமினியில செஞ்ச ஃபைல் எல்லாம் இருக்கு, யுனிகோடுக்கு வந்தா அதெல்லாம் வீணாகிடுமா என்று கேட்கிறார். வீணாகாது. ஏற்கெனவே கோடாக மாற்றி வைத்தவை எங்கே திறந்தாலும் அப்படியே இருக்கும், அவற்றைத் தொட வேண்டியதில்லை. எழுத்தாகவே கிடக்கும் ஃபைல்களை, பாமினி இருக்கும் அந்தப் பழைய கணினியிலேயே திறந்து, கோடாக மாற்றி ஒரு பிரதி எடுங்கள். அடிக்கடி திருத்த வேண்டிய விலைப்பட்டியல் மாதிரியானவற்றை மட்டும் எழுத்துருமாற்றியில் போட்டு யுனிகோடாக்குங்கள். என்எச்எம் கன்வெர்ட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. மாற்றிய பின் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், அங்கங்கே ஓர் எழுத்து வழுக்கியிருக்கும். அந்தப் பழைய கணினி என்ன விண்டோஸ் அக்கா? எக்ஸ்பியா? அப்படியானால் இந்த ஞாயிற்றுக்கிழமையே உட்கார்ந்துவிடுங்கள்.